நாலாம் நம்பர் கொக்கி

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில், தேதி கிழிக்கும் காலண்டருக்குக் கீழே, ஒரு முழ நீளத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஆறு பித்தளைக் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளைப் பெயின்டில் ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர். வருகிறவர்கள் சாவிப் பலகை என்று நினைத்து வண்டிச் சாவியை மாட்டிவிடுவார்கள். என் மாமனார் அதைக் கழற்றி அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். "இது சாவிக்கு இல்லீங்க" என்பார். எதற்கென்று மட்டும் சொல்லமாட்டார்.

அது என் கேமராவின் மெமரி கார்டுகளுக்கான பலகை.

நான் பெங்களூரில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். தினமும் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று கிளம்பிவிடுவேன். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமனாரும்தான். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளும் என்பது தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் எங்கள் லைன் வீடுகள் முழுக்கத் தெரியும். ஆனால் மாமனாரிடம் ஒரு சொல் கூடக் கடிந்து பேசியதில்லை. அவரும் அதற்கு இடம் வைத்ததில்லை.

ஆரம்பத்தில் கார்டுகள் என் கைப்பையில்தான் கிடந்தன. சில்லறை, ஹேர்பின், தலைவலி மாத்திரை, நடுவில் யாரோ ஒருவருடைய கல்யாணம். ஒரு நாள் பையைக் கட்டிலில் கொட்டிக் கார்டு தேடிக்கொண்டிருந்தேன். மாமனார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாமா இது, ஒண்ணொண்ணுத்துலயும் எவ்ளோ பேரு இருப்பாங்க?"

"முந்நூறு நானூறு பேர் இருப்பாங்க மாமா."

"அத்தினி பேர எறக்கிட்டு, யாரு மேல வந்தாங்க, யாரு வரலன்னு தெரியாம இருக்கியே."

அவர் மைன்ஸில் வேலை பார்த்தவர். காலில் கல் விழுந்த பிறகு, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்குப் பக்கத்து டோக்கன் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், ஒரு பித்தளை டோக்கன். இறங்கும்போது ஜன்னலில் வாங்கிக்கொண்டு, கீழே கொண்டுபோகும் கேஜ் என்கிற லிஃப்டில் ஏறவேண்டும். மேலே வந்ததும் திருப்பித் தரவேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் பலகையில் எந்தக் கொக்கி காலியாக இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்தக் கொக்கி நிறையும்வரை ஜன்னல்காரர் வீட்டுக்குப் போகக்கூடாது. இருபது வருஷம் அதைச் செய்தவர் அவர்.

ஒரே வாரத்தில் பலகை வந்துவிட்டது. கார்டு வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் ஓட்டை போட்டு, நூல் கட்டி, நம்பரும் எழுதிவிட்டார். தங்கம் பிரித்த கழிவு மண் கிடக்கும் சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வருகிற தூசி கார்டின் வாயில் படாமல் டப்பா எப்போதும் மூடியே இருக்க வேண்டும் என்பது நான் சேர்த்தது. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தனி டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து, அந்த டிரைவ் டிபன் பையில் பெங்களூர் போய் என் ஆபீஸ் டிராயரில் உட்கார்ந்த பிறகுதான் கார்டு கொக்கிக்குப் போகும். கொக்கியில் இருந்தால் அழிக்கலாம். கொக்கியில் இல்லையென்றால் தொடக்கூடாது. இதுதான் எங்கள் சட்டம்.

நான் விழாவுக்குக் கிளம்பும்போது அவர் பலகைக்குப் பக்கத்தில் நின்று எடுத்துத் தருவார். "ரெண்டு" என்பார். "ரெண்டு" என்று நான் வாங்கிக்கொள்வேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

ரயிலில் கூட வருகிற பெண்கள் போன் நிறைந்துவிட்டது என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். பங்காருப்பேட்டை வரும்வரை பிரசங்கம் செய்வேன். ஒரே இடத்தில் வைத்தால் வைத்த மாதிரியே இல்லை, பிள்ளையின் முதல் பிறந்தநாளைப் போனோடு தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள் என்று. ஊருக்குத்தான் உபதேசம்.

எதிர் வீட்டு அக்காவின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. அக்கா என்றால் உறவில்லை. நான் கல்யாணமாகி இந்த லைனுக்கு வந்த அன்று, எங்கள் வீட்டு அடுப்பு பற்றவில்லை என்று தன் வீட்டிலிருந்து பால் காய்ச்சிக் கொண்டுவந்தவர். அவருடைய வீட்டுக்காரர் மைன்ஸில் டிரில் மெஷின் பிடித்தவர். தூசி நுரையீரலில் இறங்கி, எட்டு வருஷமாக மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தார். வீட்டில் ஒரு மெஷின், வெளியே போனால் ஒரு சின்ன சிலிண்டர். வெளியே போவதும் அபூர்வம்.

கல்யாணம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மண்டபத்தில். என் கேமராவில் ஒரு கார்டுக்குத்தான் இடம். தாலி கட்டி முடித்ததும் மூன்றாம் நம்பர் நிறைந்துவிட்டது. நாலாம் நம்பரைப் போட்டேன். வந்தவர்கள், பந்தி, குழந்தைகள் எல்லாம் அதில்தான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா என் கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே அக்காவின் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலடியில் சிலிண்டர்.

"எங்கள ரெண்டு பேரையும் ஒண்ணு எடு. எங்க கல்யாண போட்டோ மழையில ஊறி கண்ணாடியோட ஒட்டிப்போச்சு. அதுக்கப்புறம் சேந்து ஒண்ணு கூட இல்ல."

அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். நான் கேமராவைத் தூக்கும்போது அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மெதுவாகக் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப எடும்மா" என்றார். எடுத்தேன். உடனே அவருக்கு இருமல் வந்துவிட்டது. அக்கா குனிந்து குழாயை மூக்கில் வைத்து, காதுக்குப் பின்னால் மாட்டி, "ஸ்டைலு போதும்" என்றார். அவர் சிரித்தார். பழக்க தோஷத்தில் அதையும் எடுத்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நம்பரைப் பிரதி எடுத்தேன். கால் இரண்டும் கழன்றுவிடும் போல வலி. நாலாம் நம்பரைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையில் எழுந்தது லேட். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள், தலையைக்கூட வாராமல் ரயிலுக்கு ஓடினேன். அந்த வாரம் ஆபீசில் வேலை தலைக்கு மேல். கார்டை மறந்தேபோனேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அதைப் பிறகு நான் மாமனார் தலையில் கட்டப் பார்த்தேன் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு மைசூர் மைன்ஸ் பகுதியில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. கிளம்பும்போது மாமனார் பலகையிலிருந்து எடுத்து நீட்டினார். "நாலு" என்றார். "நாலு" என்று வாங்கிக்கொண்டேன். மண்டபத்தில் கேமராவில் போட்டு, வழக்கம்போல எல்லாவற்றையும் அழித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கொக்கியில் இருந்து வந்த கார்டை எதற்குப் பார்க்கவேண்டும்? நூற்றுப் பதினோரு படம் எடுத்தேன். கடைசியாக எடுத்தது பாயசக் கிண்ணம். அதில் முந்திரி அழகாக மிதந்தது என்று எடுத்தேன்.

புதன்கிழமை எதிர் வீட்டில் அவர் போய்விட்டார்.

நாலாம் நாள் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். சுவரில் மாலையோடு இருந்தது மைன்ஸில் கொடுத்த அடையாள அட்டைப் படம், பெரிதாக்கியது. அதில் அவருக்கு முப்பது வயதிருக்கும்.

"மாலைக்கு இது போதும். எனக்கு அந்தப் படம் வேணும். குழா இல்லாம ரெண்டு பேரும் இருக்கறோமே, அது. காரியத்துக்கு முந்தி குடுத்துடு. நான் பாத்துகினு இருக்கணும்."

"இருக்குது அக்கா. நாளைக்கே தரேன்" என்று சொல்லிவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். மூன்றாம் நம்பரின் படங்கள் இருந்தன. அந்தக் கல்யாணத்தில் நாலுக்கு என்று ஒரு ஃபோல்டரே இல்லை. கம்ப்யூட்டரில் இல்லாதது ஆபீஸ் டிராயரில் இருக்கும் டிரைவிலும் இருக்காது. தையல் மெஷின் மேல் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் பலகையைப் பார்த்தேன். நாலாம் கொக்கியில் கார்டு சமர்த்தாகத் தொங்கியது.

"மாமா, போன ஞாயித்துக்கெழம நான் கெளம்பறதுக்கு முந்தி நாலாம் நம்பர யாரு மாட்டுனது?"

"நாந்தாம்மா. மெஷினுக்குக் கீழ கெடந்துச்சு. டோக்கன் கீழ கெடக்கலாமா? எடுத்து மாட்டிட்டேன்."

கீழே கிடக்கும் டோக்கனைக் கேள்வி கேட்காமல் மாட்டுவது ஜன்னலின் வழக்கம். மேலே வந்த ஒருவன் டோக்கனை வழியில் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். இங்கே கொக்கி காலியாக இருக்கும். வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பவனைத் தேடி நாலு பேர் கீழே லெவல் லெவலாக அலைவார்கள். அதனால் எங்கே டோக்கன் கிடந்தாலும் எடுத்து ஜன்னலில் கொடுப்பார்கள், இவர் மாட்டிவிடுவார். எங்கள் வீட்டுச் சட்டம் அவருக்குத் தெரியாமலில்லை. குனிந்து எடுத்ததும் இருபது வருஷப் பழக்கம் அவர் கையைப் பலகைக்குக் கொண்டுபோய்விட்டது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சமையலறைக்குப் போய்க் கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். சத்தம் எதிர் வீடுவரை கேட்டிருக்கும். அவர் வந்து வாசற்படியில் நின்றார்.

"அதுல ஆள் இருந்துச்சாமா?"

"இருந்துச்சு மாமா. எதிர் வீட்டுக்காரரு இருந்தாரு."

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அக்கா வாசலில் நின்று கேட்டபோது கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதற்கு அடுத்த நாள் ரயிலைவிட்டு இறங்கி வரும்போது, மாமனார் எதிர் வீட்டிலிருந்து வெளியே வந்தார். காலில் செருப்பில்லை. பின்னாலேயே அக்கா.

"உங்க மாமா சொல்லிட்டாரு. அவருதான் மாட்டுனாராம், அவருதான் எடுத்துக் குடுத்தாராம், உன்மேல தப்பில்லயாம்" என்றார் அக்கா. பிறகு என்னை நேராகப் பார்த்தார். "கம்ப்யூட்டர் ரிப்பேருன்னியே, ஏன்டி? கெடைச்சா குடு. கெடைக்கலன்னா கெடைக்கலன்னு சொல்லு. அவரு போனதயே தாங்கிகினு இருக்கேன், இத தாங்க மாட்டனா?"

பாத்திரத்தை உருட்டினவள் நான். செருப்பில்லாமல் தெருவைக் கடந்து போய் நின்றவர் அவர்.

"தப்பு என்னுதுதான் அக்கா. அழிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவ பாத்திருக்கணும். பாக்கல" என்றேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் லீவு போட்டேன். அழித்த கார்டிலிருந்து படம் திரும்ப வரும் என்பது எனக்குத் தெரியும். அழிக்கும்போது கேமரா பட்டியலைத்தான் கிழித்துப் போடுகிறது, படங்கள் உள்ளேயே கிடக்கின்றன. அதன்மேல் புதுப் படம் எழுதினால் எழுதின அளவுக்குப் போய்விடும். பெயர் வைக்கும் விழாவுக்குப் பிறகு அந்தக் கார்டைத் தொடவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். முதல் வேலையாகக் கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளினேன். இனி யாரும் அதில் ஒரு புள்ளிகூட எழுத முடியாது. தேடிக் கொடுக்கும் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கிடைப்பதையெல்லாம் வேறு டிரைவில் போடச் சொன்னேன். எடுத்த கார்டிலேயே திருப்பிப் போட்டால் மிச்சமிருப்பதும் அழியும்.

காலை ஒன்பது மணிக்குத் தேட ஆரம்பித்தது. மாமனார் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து லைனில் லோ வோல்டேஜ் என்று கேள்விப்பட்டு, மிக்ஸி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அவரே போய் நிறுத்திவிட்டு வந்தார். திரையில் எண்ணிக்கை ஏறும். அவர் உதடு அசையும். நடுவில் ஒரு முறை, "நீ போய் சாப்பிடுமா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீங்க சாப்பிட்டீங்களா மாமா?"

"எல்லாரும் வரட்டும்."

நான் ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார், கண்ணை எடுக்காமல்.

மத்தியானம் தேடல் முடிந்தது. பாதிக்கு மேல் கிடைத்திருந்தன. கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பந்தி வந்தது, தாம்பூலப் பை வாங்குகிறவர்கள் வந்தார்கள், நாற்காலிகளுக்கு நடுவில் ஓடுகிற குழந்தைகள் வந்தார்கள். பிறகு அவர் வந்தார். அக்கா குனிந்து குழாயைக் காதுக்குப் பின்னால் மாட்டுகிறார், அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறார். அதற்கு முந்தின படம், குழாய் இல்லாத படம், திறக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் தலைமேல்தான் பாயசக் கிண்ணம் எழுதப்பட்டிருந்தது. ஒரே ஒரு படம் குறைத்து எடுத்திருந்தால் அவர் தப்பியிருப்பார். அப்போதுதான் அழுதேன்.

"ஒரு ஆளாவது வந்துட்டாரே" என்றார் மாமனார். அந்தப் படத்தை முதலில் கம்ப்யூட்டரில் வைத்தேன், டிரைவில் வைத்தேன், மறுநாள் டிபன் பையில் பெங்களூருக்குக் கொண்டுபோய் டிராயரில் பூட்டினேன். அதன் பிறகுதான் என் புத்தி வேலை செய்தது. அக்கா கேட்டது குழாய் இல்லாத படம். இறந்தவர்களுக்குக் கோட்டு மாட்டுகிறோம், நரையைக் கறுப்பாக்குகிறோம், கண்ணைத் திறந்து வைக்கிறோம், ஒரு குழாயை எடுப்பதா பெரிய விஷயம்? இரண்டு நாள், ரயிலைவிட்டு இறங்கியதும் உட்கார்ந்தேன். மூக்கிலிருந்து, கன்னத்திலிருந்து, காதுவரை ஒவ்வொரு புள்ளியாக அழித்தேன். குழாய் அழுத்தின தடம்கூட இல்லாமல் கன்னத்தைத் துலக்கினேன். என் கைவேலைக்கு என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. ராபர்ட்சன்பேட்டையில் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, காரியத்துக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் இன்னாத்துக்கு இவரு காத புடிச்சிகினு இருக்கேன்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எட்டிப் பார்த்தேன். உண்மைதான். குழாயை எடுத்தேன், குழாயை மாட்டின விரல்களை விட்டுவிட்டேன். அக்காவின் கை ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு அவர் காதருகே நின்றது.

"குழாய எடுத்துட்டேன் அக்கா. நீங்க கேட்டது மாதிரி இருக்கட்டும்னு."

அக்கா ஃபிரேமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூலையில் அந்த மெஷின் துணி போர்த்தி இருந்தது.

"கேட்டேன்தான். இப்ப பாத்தா யாரோ மாதிரி இருக்காரு. எட்டு வருஷம் தெனமும் இத மாட்டி உட்டது நானு. அந்த மெஷின் சத்தத்துலதான் தூங்குவேன், இப்ப சத்தம் இல்லாம தூக்கமே வரல." ஃபிரேமை என்னிடம் நீட்டினார். "அழிச்சத திரும்பி கொண்டாந்தியே, இதயும் கொண்டாந்துடுவியா? குழாயப் போட்டுக் குடு."

"இருக்குது அக்கா" என்றேன். இந்த முறை அது உண்மை.